கருகிய கோதுமை

சாப்பிட்ட வீட்டைக் குறை சொல்லக் கூடாது என்பது சிறு வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்த மரியாதைகளில் ஒன்று. அதை நான் இதுவரை மீறியதில்லை. இப்போதும் மீறுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால், நான் பேசப் போவது ஒரு வீட்டைப் பற்றியல்ல; ஆளுக்கு 95 யூரோ வாங்கிக்கொண்டு ஒன்பது தட்டுச் சாப்பாடு போட்ட ஓர் இடத்தைப் பற்றி. காசு கொடுத்தவன் நான். என்னை அங்கே அழைத்துப் போன சிநேகிதருக்கும் சேர்த்து நான்தான் கொடுத்தேன். ஆகவே இரட்டிப்பு உரிமையோடு பேசுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாப்பாடு நன்றாக இருந்தது. வெகு நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திராது. இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்திருப்பேன்.

பூட்ஸ் போட்ட கால் மாதிரி நீண்டு கிடக்கும் இத்தாலியில் குதிகாலும், அதற்கு மேலே கெண்டைக்கால் பக்கமும் சேர்ந்த பகுதிக்குப் பூலியா என்று பெயர். கோதுமையும் ஆலிவும் திராட்சையும் தக்காளியும் விளைகிற சீமை. அங்கே பாரி என்ற துறைமுகப் பட்டணத்தில் சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குச் சிநேகிதர். அவர் பிறந்தது வடக்கே, ஃபோஜ்ஜா பக்கத்துக் கிராமம் ஒன்றில். "எங்கள் ஊர்ச் சாப்பாட்டை எங்கள் மண்ணிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் ஓர் இடம் இருக்கிறது, வாருங்கள்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஊருக்கு வெளியே, ஆலிவ் தோப்புகளுக்கு நடுவில் ஒரு பழைய மஸ்ஸெரியா. பெரிய பண்ணையாரின் களம், தொழுவம், கிடங்கு, காரியஸ்தன் வீடு எல்லாம் ஒரே மதிலுக்குள் அடங்கிய கட்டடத்தை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். தொழுவமாக இருந்த நீண்ட மண்டபம்தான் சாப்பாட்டுக் கூடம். வளைவான கல் கூரை. மாடு கட்டிய இரும்பு வளையங்களைச் சுவரில் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் மேலே மறைவாக ஒரு விளக்கு. கோயில் சிலைமேல் விழுகிற மாதிரி வெளிச்சம் அந்தத் துருப்பிடித்த வளையத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அறுவடைக் காலத்தில் கூலிக்காரர்கள் மாடுகளோடு மாடுகளாக வைக்கோலில் படுத்துக்கொள்வார்கள்" என்றார் சிநேகிதர்.

"எந்த இடத்தில்?"

"நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இங்கேதான்."

பிறகு பட்டியல் வந்தது. வெறும் பட்டியலா அது! தடித்த காகிதத்தில் எட்டுப் பக்கம். நான் கதை எழுதுகிறவன். ஒரு பாத்திரத்தை வாசகருக்கு அறிமுகம் செய்துவைப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலை எழுதியவர் என்னைவிடக் கெட்டிக்காரர். எண்ணெய் என்று சும்மா போடவில்லை. கொராதீனா என்ற ஜாதி ஆலிவ், இன்ன குன்றின் வடக்குச் சரிவு, இன்ன வாரத்தில் பறித்து அன்றைக்கே ஆட்டியது. பாலாடைக்கட்டி என்று போடவில்லை. பொதோலிகா என்ற சாம்பல் நிறப் பசு, மலைப்புல் மேய்ந்தது, அதன் பால், இத்தனை மாதம் குகையில் இருந்தது. உப்புக்கு ஊர்ப் பெயர் இருந்தது. ரொட்டிக்கு அல்தமூரா என்ற ஊர். அந்த ஊர் ரொட்டிக்கு ஐரோப்பிய யூனியன் 2003-இல் பெயர்ப் பாதுகாப்பே கொடுத்திருக்கிறது. ஒரு பக்கம் முழுக்க மண்ணைப் பற்றி எழுதியிருந்தது: சுண்ணாம்புப் பாறை, சிவப்பு மண், மழை இல்லாத கோடை.

கோதுமைக்கு 'சேனத்தோரே கப்பெல்லி' என்று பெயர் போட்டு, 'நம் முன்னோர்களின் தொன்மையான தானியம்' என்று எழுதியிருந்தார்கள். சிநேகிதர் சிரித்துவிட்டார். சரித்திர ஆசிரியர் அல்லவா? நஸரேனோ ஸ்திராம்பெல்லி என்ற விவசாய விஞ்ஞானி துனீசியா தேசத்துக் கோதுமையிலிருந்து பொறுக்கியெடுத்து 1915-இல் வெளியிட்ட ரகமாம் அது. விவசாயச் சீர்திருத்தத்துக்குத் துணை நின்றவர் என்று ரஃபேலே கப்பெல்லி என்ற செனட்டரின் பெயரை அதற்குச் சூட்டினாராம். "என் பாட்டனார் காலத்தில் அது புது விதை. இன்றைக்கு அவருக்கே அது முன்னோராகிவிட்டது" என்றார்.

இப்படிப் பார்த்தால் தக்காளியே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 16-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. கோதுமை மாவில் செய்கிற 'பாஸ்தா'வோடு அது பரவலாக ஜோடி சேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். இத்தாலியர்கள் ஆதிகாலம் என்று நினைத்துப் பெருமைப்படுகிற பண்டங்களில் பல நேற்று வந்தவை என்று பார்மா சர்வகலாசாலைப் பேராசிரியர் அல்பெர்த்தோ கிராந்தி 2018-இல் ஒரு புத்தகமே எழுதினார். அவர்மேல் பலர் பாய்ந்தார்கள். அந்தச் சண்டையில் எனக்கு அக்கறையில்லை. பழசா, புதுசா என்பது என் வழக்கே அல்ல. நேற்றுப் பிறந்த தோசையும் தோசைதான்.

என் வழக்கு நாலாவது தட்டில் ஆரம்பமாயிற்று.

காது மடல் மாதிரி சின்னச் சின்னதாகப் பிடித்த பாஸ்தா. நிறம் கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. மழையில் நனைந்த அடுப்புக்கல்லின் நிறம். வெள்ளைத் தட்டின் நடுவில் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக, வைத்திருந்தது. மேலே பச்சைக் கீரை, வெண்மையாக ஒரு துளிப் பாலாடை. வாயில் போட்டால் புகை வாசனை. அடிப்பிடித்த பாலுக்கு ஒரு ருசி உண்டு. சிலருக்குத்தான் பிடிக்கும், எனக்குப் பிடிக்கும். அந்த மாதிரி ஒரு ருசி. நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், என்னை யோக்கியன் என்று யாரும் தப்பாக எண்ணிவிடக் கூடாது.

அதற்குப் பெயர் 'கிரானோ ஆர்சோ'. கருகிய கோதுமை என்று அர்த்தம். பட்டியலில் அதைப் பற்றி இரண்டு வரி: 'அறுவடைக்குப் பின் வயலில் எரியும் நெருப்பின் நினைவு. நம் நிலத்தின் புகை.'

நிலத்தின் புகையாம்! அந்த நெருப்பின் கதையைச் சிநேகிதர் சொல்ல நான் கேட்டேன். ஃபோஜ்ஜாவைச் சுற்றித் தவோலியேரே என்ற பெரிய சமவெளி இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. நிலம் சில கைகளில். மற்றவர்கள் எல்லாரும் அன்றாடங்காய்ச்சிகள். விடியுமுன் ஊர்ச் சதுக்கத்தில் போய் நிற்க வேண்டும். பண்ணை மேஸ்திரி வந்து ஆளைப் பார்த்துப் பொறுக்கி அழைத்துப் போவான். பொறுக்கப்படாதவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அறுவடை முடிந்து கதிர்க்கட்டெல்லாம் களத்துக்குப் போன பிறகு, தாளுக்குத் தீ வைப்பார்கள். தீ அணைந்ததும் பெண்களும் குழந்தைகளும் அந்தச் சாம்பலில் இறங்கி, உதிர்ந்து கருகிக் கிடந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். வெந்த மண் காலைச் சுடும். பொறுக்கியதை அரைத்தால் கரி நிறத்தில் மாவு வரும். அதில் கொஞ்சம் நல்ல மாவைக் கலந்து பிசைவார்கள், நல்ல மாவு இருந்தால்.

"என் தாயார் பொறுக்கியிருக்கிறாள்" என்றார் சிநேகிதர்.

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

"பிற்காலத்தில், என் சம்பளத்தில் வெள்ளை மாவு வாங்க முடிந்த பிறகு, அந்தக் கறுப்பு மாவைப் பற்றி வீட்டில் பேசவே விட மாட்டாள். அண்டை வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டதாக ஒரே ஒரு தரம் சொன்னாள். அவள் இருந்தவரையில் நான் அதைச் சாப்பிட்டதே இல்லை. இந்த இடத்தில்தான், ஆறு வருஷத்துக்கு முன்னால், முதல் தடவையாகச் சாப்பிட்டேன்."

"எப்படி இருந்தது?"

"நன்றாக இருந்தது" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "அதுதான் கஷ்டமாக இருந்தது" என்றார்.

இன்றைக்கு யாரும் சாம்பலில் பொறுக்குவதில்லை. நல்ல கோதுமையை எடுத்து வேண்டுமென்றே வறுத்துக் கருக்கி அரைத்து, சாதாரண மாவைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். இதிலே ஏமாற்று ஏதும் இல்லை. பையிலேயே எழுதித்தான் விற்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். பசிக்காகக் கருகலைத் தின்றவர்களின் ருசியை, பசியை மட்டும் சாமர்த்தியமாகக் கழித்துவிட்டு, மிச்சத்தை நமக்குப் பரிமாறுகிறார்கள். 'கூச்சினா போவெரா' என்று இதற்கு ஒரு அழகான நாமகரணமும் உண்டு: ஏழைச் சமையல். ஏழைகள் தங்கள் சமையலை அப்படி அழைத்ததில்லை. அவர்களுக்கு அது வெறும் சமையல். பல நாள் அதுவும் இல்லை.

வடக்கே போனாலும் இதே கூத்துதான். வெனிஸ், லொம்பார்தி பக்கத்தில் மக்காச்சோள மாவைக் கிளறிப் 'பொலெந்தா' என்று ஒரு களி செய்கிறார்கள். நம் களி மாதிரியேதான். இப்போது அதன்மேல் விலையுயர்ந்த காளானைச் சீவிப் போட்டுப் பெரிய ஹோட்டல்களில் தருகிறார்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பக்கத்துக் குடியானவர்களில் ஏராளமான பேருக்குப் பொலெந்தாவைத் தவிர வேறு ஆகாரமே கிடையாது. அதையே தின்று தின்று 'பெல்லாக்ரா' என்ற வியாதி கண்டது. தோல் வெடித்து உரியும், வயிற்றோட்டம், கடைசியில் சித்தப்பிரமை. அந்த நோயாளிகளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் கொண்டுபோய் அடைத்தார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துப் பக்குவம் செய்யும் வழக்கம் மெக்ஸிகோக்காரர்களிடம் இருந்தது; சோளம் கப்பலேறி வந்தது, பக்குவம் வரவில்லை. குறைவது எந்தச் சத்து என்று விஞ்ஞானிகள் 1937-இல்தான் கண்டுபிடித்தார்கள். பொலெந்தா விற்கிற பட்டியல் எதிலும் இந்த விஷயம் இருக்காது. சாப்பிடுகிற நேரத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஆனால் 'பாரம்பரியம்' என்று நாலு பக்கம் எழுதுகிறவன், அந்தப் பாரம்பரியத்தைத் தின்று செத்தவனுக்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாதா?

சிநேகிதர் இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் அதைச் சொல்லாமல் விடுவது அதர்மம்.

"என் தாயார் வெட்கப்பட்டு மறைத்ததை இவர்கள் வெள்ளைத் தட்டில் வைத்து மரியாதை செய்கிறார்கள். அதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? இந்த மாதிரி இடங்கள் இல்லாவிட்டால் கொராதீனா ஆலிவும் இராது, பொதோலிகா மாடும் இராது. ஊரெங்கும் ஒரே ருசியில் ரொட்டியும் இறைச்சியும் விற்கிற அமெரிக்கக் கடைதான் இருக்கும்."

வாஸ்தவம். 1986-இல் ரோமாபுரியில் ஸ்பானியச் சதுக்கத்தில் மக்டோனால்ட்ஸ் கடை திறந்தபோது கிளம்பிய எதிர்ப்பில்தான் இந்தக் கதையே சூடுபிடித்தது. பியெமோந்த்தே பகுதியைச் சேர்ந்த கார்லோ பெத்ரீனி என்ற பத்திரிகையாளர் அதே வருஷம் ஆரம்பித்த சங்கம், 1989-இல் பாரிஸ் நகரில் 'ஸ்லோ ஃபுட்' என்ற சர்வதேச இயக்கமாயிற்று. அவசரச் சாப்பாட்டுக்கு எதிராக நிதானச் சாப்பாடு. அழிந்துபோக இருந்த எத்தனையோ விதைகளையும் ஆடுமாடுகளையும் பாலாடைக்கட்டிகளையும் அந்த இயக்கம் காப்பாற்றியிருக்கிறது. அதை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். மண்டபத்தில் நான் சாப்பிட்ட ஒன்பது தட்டுக்கும் அந்த இயக்கம்தான் தாய்வீடு.

ஆனால் பெத்ரீனி 2005-இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பில் மூன்று சொற்கள் இருக்கின்றன. நல்லது, சுத்தமானது, நியாயமானது. சாப்பாடு வாய்க்கு நன்றாக இருக்க வேண்டும். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் விளைந்திருக்க வேண்டும். அதை விளைவித்தவனுக்கு நியாயமான கூலி கிடைத்திருக்க வேண்டும். இந்த மூன்றில் முதல் இரண்டும் ஹோட்டல் பட்டியல்களில் ஏறி உட்கார்ந்துகொண்டன. மூன்றாவது சொல் வாசற்படியிலேயே நிற்கிறது. அது உள்ளே வந்தால் சாப்பாட்டுக் கூடத்தின் வெளிச்சம் கொஞ்சம் மங்கிவிடும் என்ற பயமோ என்னமோ.

எங்கள் ஆறாவது தட்டில் தக்காளி வந்தது. தோல் உரித்து, ராத்திரி முழுக்க மெல்லிய சூட்டில் வாட்டி, துளசி ஜாதி இலை ஒன்றை மேலே வைத்திருந்தது. அபார ருசி. தக்காளிக்கும் ஜாதி, ஊர், மண் எல்லாம் பட்டியலில் இருந்தன. நான் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். அதைப் பறித்த கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கை யாருடையது என்பது ரகசியமல்ல. அதே தவோலியேரே சமவெளி, அதே கோடைக்காலம். முன்பு சதுக்கத்தில் மேஸ்திரி நின்றான். இன்றைக்குக் 'கபொராலே' என்ற கங்காணி வேனோடு நிற்கிறான். முன்பு நின்ற கூலிக்காரர்கள் பூலியாக்காரர்கள். இன்றைக்கு மேற்கு ஆப்பிரிக்கர்களும் ருமேனியர்களும் பல்கேரியர்களும். இயந்திரம் புகாத வயல்களில் சுமார் 300 கிலோ பிடிக்கிற ஒரு பெட்டித் தக்காளிக்கு மூன்று அல்லது நான்கு யூரோ கூலி என்று வருஷக்கணக்காகப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. அதில் வேன் சத்தம் என்று கங்காணி பிடித்துக்கொள்வது வேறு. ஃபோஜ்ஜாவுக்குச் சற்றுத் தள்ளி, போர்கோ மெட்ஸனோனே என்ற இடத்தில், பழைய ராணுவ விமான ஓடுபாதையின் ஓரமாகத் தகரமும் மரப்பலகையும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டு இவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

2018 ஆகஸ்டு 4-ஆம் தேதி, வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கூலிக்காரர் வேன் ஒன்று தக்காளி ஏற்றிய லாரியோடு மோதி நான்கு பேர் செத்தார்கள். 6-ஆம் தேதி இன்னொரு வேன், இன்னொரு லாரி, பன்னிரண்டு பேர். இரண்டு நாள் இடைவெளியில் 16 பிணம். எல்லாரும் ஆப்பிரிக்கர்கள். அதற்கும் இரண்டு நாள் கழித்து அவர்களுடைய தோழர்கள், வெயிலுக்குப் போட்டுக்கொள்கிற சிவப்புத் தொப்பிகளோடு, ஃபோஜ்ஜாவுக்கு ஊர்வலமாக நடந்து போனார்கள்.

வெளிநாட்டார்தானே என்று நினைத்துவிட வேண்டாம். 2015 ஜூலையில் அந்திரியா என்ற ஊரின் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஒரு பெண் தொழிலாளி சுருண்டு விழுந்து இறந்தார். அசல் பூலியாக்காரர், மூன்று குழந்தைகளுக்குத் தாய். அவருடைய நாள் கூலி 27 யூரோ என்று அப்போது செய்தி வந்தது. நான் அன்றைக்குச் சாப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாடு அவருக்கு மூன்றரை நாள் வேலை. அந்தச் சாவு எழுப்பிய கூக்குரலுக்குப் பிறகு, 2016-இல், கங்காணியை மட்டுமல்லாமல் அவனிடம் ஆள் எடுக்கிற முதலாளியையும் தண்டிக்கிற சட்டம் வந்தது. சட்டம் நல்ல சட்டம் என்றே சொல்கிறார்கள். சட்டம் வந்து எட்டு வருஷம் கழித்து, 2024 ஜூனில், ரோமாபுரிக்குத் தெற்கே லத்தீனா பக்கத்துப் பண்ணை ஒன்றில், 31 வயதுப் பஞ்சாபி ஒருவரின் கையை இயந்திரம் துண்டித்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அவர் குடியிருந்த வீட்டருகே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். துண்டான கை, பழம் அடுக்குகிற பெட்டி ஒன்றில் கிடந்தது. இரண்டு நாளில் அவர் இறந்துபோனார்.

பஞ்சாபிகள் இத்தாலியில் வேறு எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? பார்மா, ரெஜ்ஜோ எமீலியா பக்கத்து மாட்டுத் தொழுவங்களில். உலகமெல்லாம் பெயர் பெற்ற பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குப் பால் கறக்கிற வேலையில் அவர்கள் கணிசமான பேர். அந்தப் பாலாடைக்கட்டிக்கு எல்லைகள் உண்டு; போ நதியைத் தாண்டாமல் மாந்துவா ஜில்லாவில் இன்ன கரை, ரேனோ நதியைத் தாண்டாமல் பொலோஞ்ஞா ஜில்லாவில் இன்ன கரை என்று சர்வே கணக்காக வகுத்திருக்கிறார்கள். எல்லைக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் கறந்த பாலுக்கு அந்தப் பெயர் கிடையாது. கறந்தவர் ஜலந்தரிலிருந்து வந்தாரா என்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அவர்களுக்கு அங்கே ஓரளவு கண்ணியமான வாழ்க்கை அமைந்திருக்கிறது. நொவெல்லாரா என்ற ஊரில் பெரிய குருத்வாராவே கட்டிக்கொண்டிருக்கிறார்கள், 2000-இல் திறந்துவைத்தவர் ரோமானோ ப்ரோதி. நியாயமாகச் செய்ய முடியாது என்பவர்களுக்கு இது பதில். அதே தேசம், அதே பஞ்சாபி. ஓர் இடத்தில் குருத்வாரா, ஓர் இடத்தில் பழப்பெட்டி.

"இதற்கெல்லாம் இந்த ஹோட்டல்காரனா பொறுப்பு?" என்றார் சிநேகிதர். "உண்மையான குற்றவாளி அடிமாட்டு விலைக்குத் தக்காளி டப்பா விற்கிற பெரிய கடை. விவசாயிகளை இரண்டு தடவை ஏலத்தில் மோதவிட்டு விலையை நசுக்கினார்கள். 2021-இல் சட்டம் போட்டுத்தான் அதைத் தடுக்க வேண்டியிருந்தது. இந்த மனுஷன் நல்ல விலை கொடுத்து வாங்குகிறான். நீங்கள் ஆள் தெரியாமல் அடிக்கிறீர்கள்."

ஆள் தெரிந்துதான் அடிக்கிறேன். டப்பா விற்கிறவன் என்னிடம் எந்தக் கதையும் சொல்லவில்லை. மலிவு என்றான், மலிவாக இருந்தது. அவன் குற்றம் வேறு கோர்ட்டுக்குப் போகட்டும். இவர் எனக்குக் கதை சொன்னார். சாப்பாட்டை ருசிக்கு மட்டுமில்லாமல், அது வந்த வழிக்காகவும் சாப்பிட வேண்டும் என்று எட்டுப் பக்கத்தில் உபதேசம் செய்தார். அந்த வழியைச் சொன்னதற்குத்தான் தட்டுக்கு இத்தனை விலை. வழியைச் சொல்கிறேன் என்று காசு வாங்கியவர், பாதி வழியில் திரையை இழுத்து மூடலாமா? மாட்டுக்கு வம்சாவளி எழுதி, மனுஷனை மட்டும் விட்டுவிட்டால் அது மறதி இல்லை. நான் ஒரு நாவலில் பண்ணையாரின் குதிரைக்கும் நாய்க்கும் பெயர் வைத்துவிட்டுப் பண்ணையாளைப் பெயரில்லாமல் விட்டேனானால், நீங்கள் என்னைச் சும்மா விடுவீர்களா? பத்திரிகைக்குக் கடிதம் எழுதி என் மானத்தை வாங்கிவிட மாட்டீர்களா?

அந்தச் சமவெளிக்குப் பெயர் தெரிந்த பிள்ளை ஒருவன் இருந்தான். செரிஞ்ஞோலா என்ற ஊரில் 1892-இல் பிறந்த ஜுஸெப்பே தி வித்தோரியோ. தகப்பன் செத்துப்போகச் சிறு பையனாகவே கூலி வேலைக்கு வயலில் இறங்கியவர். எழுத்தைத் தானாகக் கற்று, சங்கம் கட்டி, சிறையில் இருந்துகொண்டே 1921-இல் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, யுத்தத்துக்குப் பிறகு இத்தாலியின் மிகப் பெரிய தொழிற்சங்கத்துக்குத் தலைவரானார். 1957-இல் காலமானார். அவர் பெயரில் தெருக்கள் இருக்கின்றன. "நாம் வந்த வழியிலேயே ஒன்று இருந்தது" என்றார் சிநேகிதர், கொஞ்சம் வெட்கத்தோடு.

கடைசித் தட்டு முடிந்ததும் தலைமைச் சமையற்காரர் எங்கள் மேஜைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மிலானிலும் பாரிஸிலும் பெரிய இடங்களில் வேலை பார்த்துவிட்டுச் சொந்த மண்ணுக்குத் திரும்பியவர். அடக்கமான பிள்ளை. அடுப்புச் சூட்டில் முகம் சிவந்திருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம். சிநேகிதர் மொழிபெயர்க்க, நான் கேட்டேன்: "அந்தத் தக்காளியைப் பறித்தவர்கள் யார்?"

அவர் உடனே பண்ணையின் பெயரைச் சொன்னார். நல்ல பண்ணை, ரசாயனம் கிடையாது, மூன்று தலைமுறைக் குடும்பம் என்றார்.

"குடும்பமா பறிக்கிறது?"

"இல்லை. பறிக்கிறது சீசன் ஆட்கள்."

"அவர்கள் யார்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். "வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டே இருப்பார்கள்" என்றார். பிறகு, தன் பதில் தனக்கே போதவில்லை என்பது போல, "நான் கேட்டதில்லை" என்றும் சொன்னார். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். கை குலுக்கிவிட்டுப் போனார்.

பரிசாரகப் பெண் பில்லோடு ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிவைக்கிற புத்தகம். முந்திய பக்கங்களில் பல பாஷைகளில் பாராட்டு. 'இந்த மண்ணையே சாப்பிட்டோம்' என்று ஆங்கிலத்தில் ஒருவர் எழுதியிருந்தார். நான் பேனாவைத் திறந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலிய பாஷையில் என் கேள்வியை அப்படியே எழுதினேன்: இதைப் பறித்தவர் யார்?

சிநேகிதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பழைய வாத்தியார் பழக்கம். என் கையிலிருந்து பேனாவை வாங்கி ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். தம் பெயரையும் கீழே போடுவாரென்று எதிர்பார்த்தேன். போடவில்லை. பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வீடு வரும்வரையில் தி வித்தோரியோவைப் பற்றியும் பேசவில்லை, தாயாரைப் பற்றியும் பேசவில்லை. வழியில் ஓரிடத்தில் மட்டும் வண்டியின் வேகத்தைக் குறைத்து, இருட்டில் கிடந்த ஒரு வயலைக் காட்டி, "அறுத்துவிட்டார்கள்" என்றார்.